ஒரு சாண் தூரத்தில் ஒரு காது

போன கோடை விடுமுறையில் என் அண்ணன் மகள் ஒரு வீடியோ எடுத்தாள். 'உங்கள் ஊர்த் தொழில் ஒன்றைப் பற்றி மூன்று நிமிடப் படம்' என்று பள்ளியில் கொடுத்திருந்த செயல்திட்டம் அது. அவள் பனைத் தொழிலைத் தேர்ந்தெடுத்தாள். அவளுடைய தாத்தா, அதாவது என் அப்பா, நாற்பது ஆண்டுகள் பனை ஏறியவர். அவரை மரங்களுக்கு நடுவே நிற்கவைத்தாள். மரம் முழுவதும் படத்தில் தெரியவேண்டும் என்று பத்தடி தள்ளி நின்று செல்போனில் எடுத்தாள்.

பாளையைச் சீவுவது, கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவது, பதநீர் புளிக்காமல் இருக்க அந்தச் சுண்ணாம்பு எப்படி உதவுகிறது என்பது என்று அப்பா விரிவாகச் சொன்னார். நானும் பக்கத்தில் நின்று ஒரு சொல் விடாமல் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தோம். படம் பளிச்சென்று இருந்தது. பேச்சைத்தான் காணோம். ஓலை சலசலக்கிறது. காற்று 'புர்ர்' என்று அடிக்கிறது. எங்கோ ஒரு பம்புசெட் ஓடுகிறது. நடுநடுவே தாத்தாவின் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எழுந்து அமுங்கிப்போகிறது.

"அத்தை, அங்க நின்னப்போ எல்லாம் நல்லாத்தானே கேட்டுச்சு? போனுக்கு மட்டும் ஏன் கேக்கலை?" என்றாள். அழுகை முட்டிக்கொண்டு நின்றது.

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடிப் போனோம். வழியில் தோசையும் கோலமும் ஒரு ஹாலிவுட் நடிகையும் எதிர்ப்பட்டார்கள்!

காது கேட்கிறது, மூளை பொறுக்குகிறது

திருவிழாக் கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மேளம், ஒலிபெருக்கி, பலூன்காரரின் ஊதல் எல்லாம் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. அதற்கு நடுவிலும் அம்மா உங்கள் பெயரைச் சொன்னால் சட்டென்று திரும்பிவிடுகிறீர்கள். எப்படி?

ஓர் ஒலி உங்கள் இரண்டு காதுகளுக்கும் வந்து சேரும் நேரத்தில் மிக நுண்ணிய வேறுபாடு இருக்கும். அதை வைத்து, ஒலி எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று மூளை கணித்துவிடுகிறது. பேசுகிறவரின் உதட்டசைவைக் கண் பார்த்துச் சொல்கிறது. பழகிய குரல் என்றால், காதில் விழாமல் போன சொல்லைக்கூட மூளை தானாக இட்டு நிரப்பிக்கொள்ளும்.

1953-ல் காலின் செர்ரி என்ற பிரிட்டிஷ் அறிவியலாளர் இதை ஆராய்ந்தார். ஒருவருடைய இரண்டு காதுகளிலும் ஒரே நேரத்தில் இரண்டு வெவ்வேறு பேச்சுகளை ஒலிக்கவைத்து, ஒன்றை மட்டும் கேட்டுத் திரும்பச் சொல்லச் சொன்னார். எளிதாகச் சொன்னார்கள். மற்றக் காதில் என்ன பேசினார்கள் என்று கேட்டபோது விழித்தார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு வேண்டாததை மூளை ஒதுக்கிவிட்டது.

மைக்குக்கு இந்த வித்தை தெரியாது. தாத்தாவின் குரல், ஓலைச் சத்தம், பம்புசெட் எல்லாமே அதற்குக் காற்றின் அதிர்வுதான். வந்ததையெல்லாம் ஒன்றாக வாரிக்கொள்ளும். போதாததற்கு, பல செல்போன்கள் சத்தம் குறைவாக இருந்தால் ஒலி அளவைத் தாமாகவே கூட்டிவிடும். தாத்தா மூச்சுவிட நிறுத்தும் இடங்களில் எல்லாம் ஓலைச் சத்தம் பெரிதாகிப்போனது இதனால்தான்.

ஒரு கரண்டி மாவு

பத்தடி தூரம் பெரிய தூரமா? தோசைக்கல்லைக் கேட்போம்.

ஒரு கரண்டி மாவை ஊற்றிச் சின்ன வட்டமாகத் தேய்த்தால் தோசை தடிமனாக இருக்கும். அதே ஒரு கரண்டி மாவை இரண்டு மடங்கு அகலமாக இழுத்தால்? அகலம் இரண்டு மடங்கானால் பரப்பு நான்கு மடங்காகும். மாவு அதேதான் என்பதால் தடிமன் நான்கில் ஒரு பங்காகிவிடும். மூன்று மடங்கு அகலம் என்றால் ஒன்பதில் ஒரு பங்கு. பேப்பர் ரோஸ்ட்!

வாயிலிருந்து கிளம்பும் ஒலியும் அப்படித்தான். திறந்த வெளியில் எல்லாப் பக்கமும் பரவப் பரவ அதன் ஆற்றல் மெலிகிறது. தூரம் இரண்டு மடங்கானால் ஆற்றல் நான்கில் ஒரு பங்கு.

இப்போது உங்கள் கையை விரித்து ஒரு சாண் அளந்து பாருங்கள். ஏறக்குறைய 15 செ.மீ. இருக்கும். பத்தடி என்பது சுமார் 3 மீட்டர், அதாவது 20 சாண். தாத்தாவின் வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மைக் இருந்திருந்தால், 20 சாண் தள்ளியிருந்த போனுக்குக் கிடைத்ததைப்போல 20 × 20 = 400 மடங்கு ஒலி ஆற்றல் அதற்குக் கிடைத்திருக்கும்! ஓலையும் பம்புசெட்டும் தூரத்தில் இருப்பவை. அவற்றின் சத்தம் இங்கேயும் அங்கேயும் ஏறக்குறைய ஒன்றுதான்.

ஆகவே காற்றை நிறுத்த வேண்டியதில்லை, தாத்தாவைக் கத்தச் சொல்ல வேண்டியதும் இல்லை. கண் பத்தடி தள்ளி நிற்கட்டும். காது மட்டும் அவரிடம் போகட்டும். சின்னக் கம்பியில்லா மைக் செய்கிற வேலை இதுதான்.

*செய்து பாருங்கள்:* மின்விசிறியை ஓடவிட்டு, செல்போனை மேசையில் வைத்துப் பதிவை ஆரம்பியுங்கள். ஒரு சாண் தூரத்தில் நின்று ஒரு முறை, 20 சாண் தள்ளி நின்று ஒரு முறை, ஒரே குரலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். போட்டுக் கேளுங்கள். மின்விசிறியின் சத்தம் மாறியதா, உங்கள் குரல் மாறியதா?

பெட்டிக்குள் என்ன இருக்கிறது?

ஊரில் கல்யாண வீடியோ எடுக்கும் ஓர் அண்ணன் தம்முடைய கம்பியில்லா மைக்கை ஒரு நாள் கடன் கொடுத்தார். இரண்டு சின்னப் பெட்டிகள். ஒன்று சட்டையில் மாட்டிக்கொள்ளும் 'அனுப்பும் பெட்டி'. இன்னொன்று செல்போனின் சார்ஜர் துளையில் செருகும் 'வாங்கும் பெட்டி'.

முன்பெல்லாம் டிவி செய்தியாளர்கள் கழுத்துப் பட்டையில் ஒரு குட்டி மைக்கைக் குத்திக்கொள்வார்கள். அதிலிருந்து ஒரு கம்பி சட்டைக்குள் இறங்கி, இடுப்பில் மாட்டிய பெட்டிக்குப் போகும். இரண்டையும் ஒன்றாக்கி, மைக்கையே பெட்டிக்குள் வைத்த சிறு கருவிகள் பின்னர் வந்தன. ஆஸ்திரேலியாவின் ரோட் நிறுவனம் 2019-ல் வெளியிட்ட 'வயர்லெஸ் கோ' அவற்றுள் புகழ்பெற்றது. அதன் அனுப்பும் பெட்டியின் எடை 31 கிராம்தான். ஒரு சின்ன எலுமிச்சம்பழத்தின் எடை!

"ஏளா, இத்தனூண்டு சாமானா நான் பேசுறதைக் கேக்கப்போவுது?" என்று தாத்தா அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

உள்ளே இருக்கும் காது இன்னும் சிறியது, கொத்தமல்லி விதை அளவு. அதில் தலைமுடியைவிட மெல்லிய ஒரு படலம் இருக்கிறது. நம் காதில் செவிப்பறை இருப்பதுபோல. அதற்குப் பின்னால் மிகச் சிறிய இடைவெளி விட்டு ஒரு தகடு. பேச்சின் அதிர்வு பட்டதும் படலம் முன்னும் பின்னும் ஆடும். இடைவெளி கூடிக் குறையும். படலத்துக்கும் தகட்டுக்கும் இடையே மின்னேற்றம் இருந்தால், அந்த ஆட்டம் அப்படியே மின் ஏற்ற இறக்கமாக மாறிவிடும். குரல் இப்போது மின்சாரமாகிவிட்டது.

அந்த மின்னேற்றம் எங்கிருந்து வருகிறது? இவ்வகைப் பழைய மைக்குகளுக்கு வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் கொடுக்கவேண்டியிருந்தது. 1962-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜேம்ஸ் வெஸ்ட், கெர்ஹார்ட் செஸ்லர் என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். ஒட்டாத தோசைக்கல்லின் மேல் பூசியிருக்கிறார்களே, டெஃப்லான், அதை மெல்லிய படலமாக்கி அதற்குள் மின்னேற்றத்தைப் பூட்டிவைத்தார்கள். தலை வாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கும், சற்று நேரத்தில் அந்தச் சக்தி போய்விடும் அல்லவா? இந்தப் படலத்தில் மின்னேற்றம் ஆண்டுக்கணக்கில் தங்கும். காந்தம் தன் காந்தத்தன்மையை வைத்துக்கொள்வதுபோல. இதற்கு 'எலெக்ட்ரெட்' என்று பெயர். மைக்குகள் சிறியவையாகவும் மலிவாகவும் ஆனது இதனால்தான். இப்போது சிலிக்கான் சில்லிலேயே செதுக்கிய இன்னும் சிறிய மைக்குகளும் செல்போன்களில் இருக்கின்றன.

ஜேம்ஸ் வெஸ்ட் 1931-ல் பிறந்த கறுப்பின அமெரிக்கர். சிறுவனாக இருந்தபோது பழைய ரேடியோ ஒன்றைச் சரிசெய்து மின்னிணைப்பில் மாட்டப்போய், மின்னதிர்ச்சி வாங்கினார். கூடப் பிறந்தவர் தள்ளிவிட்டதால் பிழைத்தார். அதற்குப் பிறகு, தன்னைப் பிடித்துக்கொண்ட அந்தச் சக்தி என்ன என்ற கேள்வி அவரை விடவேயில்லை. கேள்வியை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். மின்னிணைப்பைத் தொடுவது பெரியவர்கள் வேலை.

புள்ளி வைத்த குரல்

குரல் மின்சாரமாகிவிட்டது. அதை அப்படியே அனுப்பினால் வழியில் இரைச்சல் கலந்துவிடும். அதனால் பெட்டி அதை எண்களாக மாற்றுகிறது.

வாசலில் புள்ளிக் கோலம் போடுகிறார்களே, அதை நினையுங்கள். புள்ளிகள் நெருக்கமாகவும் சரியான இடத்திலும் இருந்தால், கோடு எப்படி வளைய வேண்டும் என்பதில் குழப்பமே வராது. பெட்டியும் ஆடும் குரல் அலையின் மேல் புள்ளி வைக்கிறது. எத்தனை தெரியுமா? ஒரு நொடிக்கு 48,000 புள்ளிகள்! ஒவ்வொரு புள்ளியும் எந்த உயரத்தில் இருக்கிறது என்பதை ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கிறது.

ஏன் இவ்வளவு? நல்ல காது நொடிக்கு 20,000 அதிர்வு வரை கேட்கும். ஓர் அலையைச் சரியாகத் திரும்ப வரைய, அதன் அதிர்வைப்போல இரண்டு மடங்குக்கு மேல் புள்ளி வேண்டும் என்பது கணிதம். 40,000-க்கு மேல் கொஞ்சம் கூடுதலாக வைத்ததுதான் 48,000.

தாவித் தாவிப் போகும் அலை

இந்த எண்களைச் சுமந்துகொண்டு ரேடியோ அலை கிளம்புகிறது. இத்தகைய சிறு மைக்குகளில் பெரும்பாலானவை 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைப் பயன்படுத்துகின்றன. நொடிக்கு 240 கோடி அதிர்வுகள். அலையின் ஒரு முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடையே 12.5 செ.மீ., உங்கள் ஒரு சாணுக்கும் குறைவு!

இந்த அலைவரிசையில் நெரிசல் அதிகம். வைஃபை, புளூடூத் இரண்டும் இங்கேதான் ஓடுகின்றன. மைக்ரோவேவ் அடுப்பிலிருந்து கசியும் சிறு இரைச்சலும் இங்கேதான். அப்படியிருக்கக் குரல் எப்படிச் சிக்கிக்கொள்ளாமல் வருகிறது? பல கருவிகள் ஒரே தடத்தில் நிற்பதில்லை. பாண்டி ஆடுவதுபோல, கட்டம் விட்டுக் கட்டம் தாவிக்கொண்டே இருக்கின்றன. அனுப்பும் பெட்டியும் வாங்கும் பெட்டியும் ஒரே வரிசையில் ஒரே நேரத்தில் தாவுவதால் ஒன்றையொன்று தவறவிடுவதில்லை.

இந்தத் தாவலுக்கு 1942-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கியவர்களில் ஒருவர், வியன்னாவில் பிறந்த ஹாலிவுட் நடிகை ஹெடி லமார். இன்னொருவர் இசையமைப்பாளர் ஜார்ஜ் ஆன்தைல். போர்க்காலம் அது. நீருக்கடியில் பாயும் டார்ப்பீடோவை ரேடியோவால் செலுத்தும்போது எதிரி குறுக்கிடாமல் இருக்க, அலைவரிசையை மாற்றிக்கொண்டே போகலாம் என்று இருவரும் யோசித்தார்கள். பியானோவில் 88 கட்டைகள் இருப்பதுபோல அவர்கள் திட்டத்தில் 88 அலைவரிசைகள்!

தாவினாலும் இந்த அலைக்கு ஒரு பலவீனம் உண்டு. தண்ணீர் அதை விழுங்கிவிடும். நம் உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர். தாத்தா முதுகைக் காட்டித் திரும்பியபோது குரல் விட்டு விட்டு வந்தது. ஈரம் நிறைந்த பனைமரத்துக்குப் பின்னால் போனபோதும் அப்படியே. அனுப்பும் பெட்டியும் வாங்கும் பெட்டியும் ஒன்றையொன்று 'பார்த்துக்கொண்டு' இருந்தால்தான் பேச்சு அறுபடாது.

காற்றுக்கு ஒரு போர்வை

மைக்கோடு பூனைக்குட்டி முடிபோல ஒரு பஞ்சுக் குல்லாவும் இருந்தது. "இது அழகுக்கா அத்தை?" என்றாள். குல்லா இல்லாமல் ஒரு நிமிடம் எடுத்துப் பார்த்தோம். மறுபடியும் 'புர்ர்'!

அது ஓலையின் சத்தம் அன்று. வீசும் காற்று நேராக வந்து மைக்கின் துளையில் மோதிச் சுழல்கிறது. அந்தச் சுழல் மெல்லிய படலத்தைப் பிடித்து ஆட்டுகிறது. குல்லாவின் முடிகள் காற்றின் வேகத்தை உடைத்து, உள்ளே ஒரு சின்ன அமைதியான அறையை உண்டாக்குகின்றன. ஒலி என்பது காற்றுத் துகள்களின் அதிர்வு. அது முடிகளுக்கு இடையே புகுந்து உள்ளே வந்துவிடும்.

நாமே உண்டாக்கும் புயலும் உண்டு. ஒரு மெல்லிய காகிதக் கீற்றை வாய்க்கு முன் தொங்கவிட்டு 'மாமரம்' என்று சொல்லுங்கள். பிறகு 'பம்பரம்' என்று சொல்லுங்கள். எந்தச் சொல்லின் முதல் எழுத்துக்குக் கீற்று கூடுதலாக ஆடுகிறது? ப, ம இரண்டும் உதடுகள் இணைந்து பிறப்பவை என்று தொல்காப்பியம் அன்றே சொல்லியிருக்கிறது. ம சொல்லும்போது காற்று மூக்கு வழியே போய்விடுகிறது. ப சொல்லும்போது உதடு திறந்ததும் வாய் வழியே வெடித்து வெளியேறுகிறது. மைக்கை வாய்க்கு நேர் முன்னால் பிடித்தால் ஒவ்வொரு 'ப'வும் 'தப்' என்று மோதும். நெஞ்சில் மாட்டினால் அந்தக் காற்று அதற்கு மேலாகப் போய்விடும்.

மாட்டும் முன் நான்கு விஷயங்கள்

ஒரு நாள் முழுக்கத் தப்பும் திருத்தமுமாக நாங்கள் கற்றது இது:

1. மோவாய்க்கு ஒரு சாண் கீழே, நெஞ்சின் நடுவில் மாட்டுங்கள். ஓரமாக மாட்டினால், பேசுகிறவர் மறுபக்கம் திரும்பும்போது குரல் தேய்ந்துவிடும்.

2. எதுவும் உரசக்கூடாது. தாத்தாவின் தோள் துண்டு மைக்கில் உரசியது, பதிவில் மரம் அறுப்பதுபோலக் கேட்டது. சங்கிலி, தலைமுடி, மொடமொடக்கும் துணி எல்லாவற்றையும் கவனியுங்கள். சில மைக்குகளைக் காந்தத்தால் சட்டையில் ஒட்டவைப்பார்கள். இதயத்துடிப்புக் கருவி பொருத்தியவர்களுக்கு அந்தக் காந்தத்தை மாட்டக்கூடாது.

3. ஒலி அளவைப் பாருங்கள். திரையில் ஏறி இறங்கும் கோடு உச்சியை முட்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டு, குரல் கரகரவென்று உடைந்துவிடும். அப்படி உடைந்ததைப் பிறகு சரிசெய்வது மிகக் கடினம். சாதாரணப் பேச்சுக்கு மட்டுமல்ல, அவர் வாய்விட்டுச் சிரிக்கும் சிரிப்புக்கும் இடம் விட்டு வையுங்கள்.

4. இயர்போனில் கேட்டுக்கொண்டே எடுங்கள். உங்கள் மூளை சத்தத்தை ஒதுக்கிவிடும் என்று பார்த்தோமே! மைக் கேட்பதை நீங்களும் கேட்டால்தான் உண்மை தெரியும்.

இரண்டு முறை கேட்ட தட்டு

மறுபடியும் தாத்தா மரங்களுக்கு நடுவே நின்றார். அதே காற்று, அதே பம்புசெட். இம்முறை அவர் குரல், பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோலக் கேட்டது. பட்டையில் பதநீர் வார்க்கும் சத்தம்கூடத் தெளிவாக விழுந்தது. ஓலைச் சலசலப்பும் இருந்தது, ஆனால் இருக்கவேண்டிய இடத்தில், பின்னால்.

பேசி முடித்ததும் தாத்தா மெல்ல நடந்து போனார். மைக்கைக் கழற்ற மறந்துவிட்டோம். அவள் வாங்கும் பெட்டியில் இயர்போனைச் செருகி ஒரு காதில் வைத்திருந்தாள். திடீரென்று என் கையைப் பிடித்தாள். "அத்தை! தாத்தா மரத்தைக் கம்பால தட்டினது எனக்கு ரெண்டு தடவை கேட்டுச்சு!"

அவர் சுமார் 34 மீட்டர் தள்ளி நின்றிருந்தார். ஒலி காற்றில் நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர் போகும். ஆகவே அந்தத் தட்டு காற்றின் வழியே வர நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். ரேடியோ அலை நொடிக்கு 3 லட்சம் கி.மீ. பாய்கிறது. எண்ணாக்கித் திரும்பக் குரலாக்கச் சிறிது நேரம் எடுத்தாலும், காற்றை முந்திவிடுகிறது. இயர்போன் வைத்த காது முதலில் கேட்டது. வெறும் காது பிறகு கேட்டது.

நான் இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவள் முகம் மாறியது. "தாத்தா பேசுறாங்க." மரத்தில் கை வைத்துக்கொண்டு அவர் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நாற்பது ஆண்டு ஏறிய மரம் அது. எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டது.

அவள் இயர்போனைக் கழற்றிவிட்டு அவரிடம் ஓடினாள். "தாத்தா, மைக் இன்னும் ஓடிட்டு இருக்கு. நீங்க மரத்துகிட்ட பேசினது எனக்குக் கேட்டுடுச்சு. அதுவும் பதிவாயிருக்கு. வெச்சுக்கலாமா, அழிச்சிடவா?"

தாத்தா நெஞ்சிலிருந்த பெட்டியைக் குனிந்து பார்த்தார். சிறிது நேரம் யோசித்தார். "மத்ததெல்லாம் ஊருக்குக் காட்டு. இது மரத்துக்குச் சொன்னது."

அவர் கண்முன்னே அந்தப் பகுதியை அவள் அழித்தாள். இவ்வளவு சிறிய காதை ஒருவர் நெஞ்சில் மாட்டினால், அது அங்கே இருப்பதையே அவர் மறந்துபோவார். மாட்டியவர் மறக்கக்கூடாது. ஓடும்போது சொல்லவேண்டும், வேலை முடிந்ததும் நிறுத்தவேண்டும். அதை நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது.

படம் பள்ளியில் ஓடியது. கடைசிப் பெஞ்சு வரை தாத்தாவின் குரல் கேட்டதாம். மரத்திடம் அவர் என்ன சொன்னார் என்று நான் இன்றுவரை அவளிடம் கேட்கவில்லை.